நீலத் திரை வந்தவுடன் ‘போமட்’ அடிக்கலாமா? வீட்டுக் கணினியின் பழுதைத் தேடும் முறை

வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் கணினி இன்று பிள்ளைகள் படிப்பதற்கான சாதனம் மட்டுமல்ல. இடப்பெயர்வுகளுக்குள் தப்பி வந்த நாலைந்து புகைப்படங்களை ஸ்கேன் செய்து அதற்குள்தான் வைத்திருக்கிறோம். காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகவோ கணவனுக்காகவோ ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகள், சத்தியக்கடதாசிகள், அவற்றுக்குக் கிடைத்த பதில் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். அந்தக் கணினி திடீரென நின்று, திரை நீலமாகி, ஆங்கிலத்தில் ஏதோ எழுத்துகள் வரும்போது வீட்டில் இருப்பவர்கள் பதறுவது நியாயமானது.

நான் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் ஊரவர்களின் கணினிகளையும் பார்த்துக் கொடுப்பதுண்டு. நீலத் திரை என்று என்னிடம் வருகிறவர்களில் அநேகமானோர் இரண்டு விடயங்களைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஒன்று, “வைரஸ் வந்திட்டுது”. மற்றது, “கடையில விண்டோஸ் அடிக்க வேணுமாம்”. முதலாவது பெரும்பாலும் சரியில்லை. இரண்டாவது சில வேளை சரி, சில வேளை பெரும் இழப்பு. எது எப்போது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நீலத் திரை என்ன சொல்கிறது?

விண்டோஸ் இரண்டு அடுக்குகளாக இயங்குகிறது. மேல் அடுக்கில் நாங்கள் பாவிக்கும் வேர்ட், குரோம், படம் பார்க்கும் செயலி போன்றவை உள்ளன. இவற்றில் ஒன்று பிழைத்தால் அது மட்டும் மூடப்படும். கீழ் அடுக்கில் ‘கேர்னல்’ எனப்படும் கருவும், திரை, வன்தட்டு, வைஃபை முதலியவற்றை இயக்கும் ‘டிரைவர்’ எனப்படும் சிறு மென்பொருட்களும் உள்ளன. இந்தக் கீழ் அடுக்கில் பிழை வந்தால், தன்னிடம் உள்ள தரவுகளில் எது சரி, எது பிழை என்று விண்டோஸால் நம்ப முடியாமல் போகிறது. தொடர்ந்து ஓடினால் பழுதான தரவை வன்தட்டில் எழுதிவிடலாம். அதனால் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தி, ஏன் நிறுத்தினேன் என்று ஒரு குறிப்பையும் எழுதிவிட்டு மீண்டும் தொடங்குகிறது.

ஆகவே நீலத் திரை காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்று போனால் டெங்குவா, எலிக்காய்ச்சலா, சாதாரண தடிமனா என்று பார்த்துத்தான் வைத்தியர் மருந்து தருவார். கணினிக்கும் அதே ஒழுங்குதான். நினைவகம், வன்தட்டு, டிரைவர், சூடு, மின்சாரம் ஆகிய ஐந்தில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். 2025 இல் விண்டோஸ் 11 இன் புதிய பதிப்பில் இந்தத் திரையின் நிறத்தை மைக்ரோசொஃப்ட் கறுப்பாக மாற்றிவிட்டது. நிறம் மாறினாலும் பொருள் ஒன்றுதான்.

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், மைக்ரோசொஃப்டின் கணக்குப்படி ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. அந்தக் கணினிகளில் வன்பொருள் பழுது எதுவும் இல்லை, வைரஸும் இல்லை. பாதுகாப்பு முறை எனப்படும் ‘சேஃப் மோட்’டில் தொடங்கி அந்த ஒரு கோப்பை அழித்தால் போதுமாக இருந்தது. பெரும்பாலும் போமட் அடிக்க வேண்டியிருக்கவில்லை. காரணம் தெரிந்தால் மருந்து சிறியது.

முதல் வேலை: பிரதி எடுப்பது

பழுதைத் தேடுவதற்கு முன்னர், இழக்க முடியாத கோப்புகளைப் பிரதி எடுத்துவிட வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. பழுது நினைவகத்தில் இருந்தால், அதே கணினியில் இருந்து யூஎஸ்பிக்குப் பிரதி எடுக்கும்போது கோப்புகள் அந்தப் பழுதான நினைவகத்துக்கு ஊடாகத்தான் போகும். போகிற வழியில் ஓர் எழுத்து, ஒரு படத்தின் துண்டு மாறிவிடலாம். பிரதி எடுத்து முடிந்தது என்று திரை சொல்லும். திறந்து பார்த்தால்தான் படம் பாதியில் சாம்பல் நிறமாக இருப்பது தெரியும்.

அதனால் சிறந்த வழி, வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் ஒன்றின் மூலம் நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் பொருத்திப் பிரதி எடுப்பதுதான். மேசைக் கணினி என்றால் இது நாலு திருகாணி வேலை. வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் வந்தாலோ, கோப்புறை திறக்க நிமிடக் கணக்கில் எடுத்தாலோ, பிரதி எடுக்கும் வரைக்கும் ‘செக்டிஸ்க்’ போன்ற திருத்தும் கட்டளைகளை ஓட விடாதீர்கள். சாகக் கிடக்கும் வன்தட்டை அது மேலும் வருத்தும்.

மடிக்கணினி வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் வன்தட்டு தானாகவே ‘பிட்லொக்கர்’ என்ற பூட்டினால் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் வேறு கணினியில் பொருத்தும்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். கணினி நன்றாக ஓடும் காலத்திலேயே அதைத் தேடி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

குறியீட்டை எழுதி வையுங்கள்

நீலத் திரையின் கீழ்ப் பகுதியில் ‘ஸ்டொப் கோட்’ என்று ஒரு வரி இருக்கும். அதுதான் முதலாவது சாட்சி. திரை வேகமாக மறைந்துவிடுமானால் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். திகதி, நேரம், அந்தக் குறியீடு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். அடிக்கடி வரும் சிலவற்றின் பொருள் இது:

‘மெமரி மனேஜ்மென்ட்’, ‘பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா’: நினைவகத்தை முதலில் சந்தேகியுங்கள், டிரைவரும் காரணமாகலாம்.

‘கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’: வன்தட்டிலிருந்து தரவை வாசிக்க முடியவில்லை. வன்தட்டு, அதன் கேபிள் இரண்டையும் பாருங்கள்.

‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’: விண்டோஸ் இருக்கும் வன்தட்டை அணுக முடியவில்லை. வன்தட்டுப் பழுது, பயோஸில் மாற்றிய ஓர் அமைப்பு, அல்லது புதுப்பித்தலின் பின் வந்த டிரைவர் சிக்கல்.

‘வீடியோ டீடிஆர் ஃபெய்லியர்’: திரையை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் அல்லது அட்டை.

‘டபிள்யூஎச்ஈஏ அன்கரெக்டபிள் எரர்’: வன்பொருளே முறையிடுகிறது. செயலி, சூடு, மின்வழங்கி ஆகியவற்றைப் பாருங்கள்.

சில வேளைகளில் குறியீட்டுக்குக் கீழே ‘எஸ்வைஎஸ்’ என்று முடியும் ஒரு கோப்பின் பெயரும் வரும். அது எந்த டிரைவருக்கு உரியது என்று தேடினால் சந்தேக நபர் கிடைத்துவிடுவார். திரையைத் தவறவிட்டாலும் கவலையில்லை. வழமையாக விண்டோஸ் தன் கோப்புறைக்குள் உள்ள ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் ஒரு சிறு பதிவை விட்டுச் செல்லும். ‘புளூஸ்கிரீன்வியூ’ என்ற இலவசச் செயலி அவற்றை வரிசையாகக் காட்டும்.

ஒரு குறியீட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல தடவைகளின் கோலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடு, ஒரே கோப்பு என்றால் டிரைவர் பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு, வேறு வேறு கோப்பு என்றால் அநேகமாக வன்பொருள். எல்லாரும் ஒரே நேரத்தில் குற்றவாளிகளாக இருக்க முடியாது. எல்லாருக்கும் கீழே உள்ள ஏதோ ஒன்றுதான் ஆடுகிறது.

அக்கா வீட்டுக் கணினி: ஓர் உதாரணம்

அக்காவிடம் பாவித்த மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. அத்தான் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அவர் பற்றிய பதினைந்து வருடத்துக் கடிதங்கள், சத்தியக்கடதாசிகள், அவருடைய மூன்றே மூன்று படங்கள் எல்லாவற்றையும் மருமகன் ஸ்கேன் செய்து அதற்குள் வைத்திருந்தான். மூலப் பத்திரங்களில் சில கறையான் அரித்துப் போயின. ஆகவே சிலவற்றுக்கு அந்தக் கணினியில் இருந்த பிரதி மட்டும்தான் மிச்சம்.

ஒரு கிழமைக்குள் ஐந்து தடவை நீலத் திரை வந்தது. கடையில் கேட்டபோது விண்டோஸ் அடித்தால் சரி என்றார்களாம். அக்கா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, அடிச்சா அவற்ற படங்கள் இருக்குமோ?” என்பதுதான். “எடுத்து வைக்காட்டி இராது அக்கா. நான் வரும் வரைக்கும் கணினியப் போடாதேங்கோ” என்றேன்.

வன்தட்டைக் கழற்றி எனது மடிக்கணினியில் பொருத்திப் பிரதி எடுத்தேன். படங்களையும் பத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பிறகு ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவசச் செயலியில் வன்தட்டின் நிலையைப் பார்த்தேன். ‘ஸ்மார்ட்’ எனப்படும் தன்னிலைப் பதிவில் பழுதான பகுதிகள் எதுவும் இல்லை. ‘நல்லது’ என்றே காட்டியது. ஆக வன்தட்டு மீதான சந்தேகம் குறைந்தது.

அடுத்தது மின்சாரம். “பொழுதுபட்டாத்தான் வருது, கரண்ட் குறையிறதாலதான்” என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். அது வெறும் ஊகமல்ல. எங்கள் பகுதிகளில் இரவில் மின்னழுத்தம் இறங்குவது உண்மை. ஆனால் மின்சாரத்தால் வரும் பழுதின் முகம் வேறு. வழமையாகக் கணினி ‘டப்’ என்று அணைந்துவிடும். நீலத் திரைக்கே நேரம் இருக்காது. விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ பதிவேட்டில் ‘கேர்னல் பவர் 41’ என்ற வரி மட்டும் இருக்கும், மினிடம்ப் இருக்காது. அக்கா வீட்டில் ஐந்து மினிடம்ப் பதிவுகள் இருந்தன. நல்ல யூபிஎஸ் ஒன்றைப் பொருத்தி ஓட விட்டும் மறுநாள் இரவு நீலத் திரை வந்தது. ஆக மின்சாரமும் பின்னுக்குப் போனது.

அந்தப் பதிவுகளில் மூன்று வகைக் குறியீடுகள் இருந்தன. குற்றம் சாட்டப்பட்ட கோப்பும் ஒவ்வொரு முறையும் வேறு. ஒரு தடவை கிராஃபிக்ஸ், ஒரு தடவை கோப்பு முறைமை, ஒரு தடவை வைஃபை. இந்தக் கோலம் நினைவகத்தைக் காட்டியது. மருமகனிடம், கடைசியாக இந்தக் கணினியில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். வேகம் போதாது என்று இரண்டு மாதங்களுக்கு முன்னர் 4 ஜிபி நினைவக அட்டை ஒன்றைக் கூடுதலாகப் போட்டதாகச் சொன்னான்.

‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ என்ற இலவசச் சோதனையை யூஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸ் தொடங்காமலே ஓட விட்டோம். இருபது நிமிடத்தில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. இதில் ‘கொஞ்சப் பிழை பரவாயில்லை’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு வரி சிவப்பானாலும் பழுதுதான். ஆனால் எந்த அட்டை, அல்லது பொருத்தும் குழியா பழுது என்று பிரித்து அறிய வேண்டும். புதிய அட்டையைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து இரவு முழுக்க ஓட விட்டோம். ஒரு பிழையும் இல்லை. காலையில் அதே குழியில் புதியதை மட்டும் வைத்தோம். பிழை வந்தது. அதன் பொன்னிறத் தொடுமுனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் வைத்தோம். அப்போதும் பிழை. மற்றக் குழியில் வைத்தோம். அங்கும் பிழை. அட்டைதான் பழுது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

பொழுதுபட்ட பின் வந்ததற்கும் காரணம் விளங்கியது. பகலில் அக்கா கடிதம் தட்டச்சு செய்வதோடு சரி. இரவில் மருமகன் இணைய வகுப்பையும் பத்துப் பதினைந்து குரோம் தத்தல்களையும் திறப்பான். நினைவகம் நிரம்ப நிரம்ப, பழுதான இடத்தைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது. ஐயா கண்ட நேரம் சரி, காரணம்தான் வேறு.

அந்த அட்டையை எடுத்துவிட்ட பின் நீலத் திரை வரவில்லை. விண்டோஸைப் புதிதாக ஏற்றவும் தேவைப்படவில்லை. கடையில் சொன்னபடி போமட் அடித்திருந்தால் படங்கள் போயிருக்கும். பழுது அப்படியே இருந்திருக்கும்.

மற்றக் காரணங்களைச் சோதிப்பது

டிரைவர் மீது சந்தேகம் என்றால் சேஃப் மோட்டில் தொடங்கிப் பாருங்கள். அங்கே விண்டோஸ் அடிப்படை டிரைவர்களை மட்டுமே ஏற்றும். மணித்தியாலக் கணக்கில் அங்கு பிரச்சினை இல்லாமல் ஓடி, வழமையான முறையில் உடனே விழுந்தால் மென்பொருள் பக்கம்தான் காரணம். அண்மையில் ஏற்றிய டிரைவரை ‘ரோல் பேக்’ மூலம் பழையதற்குத் திருப்புங்கள். அல்லது ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ மூலம் முன்னைய திகதிக்குப் போங்கள். டிரைவரைக் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விண்டோஸை இலவசமாகச் செயற்படுத்தித் தருவதாகச் சொல்லும் களவு மென்பொருட்களைத் தவிருங்கள். அவற்றில் பல, பாதுகாப்பை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன.

சூடு என்றால் அறிகுறி தெளிவாக இருக்கும். தொடங்கியவுடன் நன்றாக ஓடும், விளையாட்டோ வீடியோவோ அரை மணித்தியாலம் ஓடியதும் விழும், மின்விசிறி இரையும். எங்கள் செம்மண் தூசும் கரையோர உப்புக்காற்றும் கணினிக்கு எதிரிகள். மின்னிணைப்பைக் கழற்றி, மூடியைத் திறந்து, மென்மையான தூரிகையால் தூசைத் தட்டுங்கள். எறும்புக் கூடும் பல்லி முட்டையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. மின்சாரம் திடீரென நிற்பது மட்டுமல்ல, திரும்பி வரும் கணமும் ஆபத்தானது. எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் விண்டோஸின் கோப்புகள் பழுதாகலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால், நினைவகமும் வன்தட்டும் நல்லவை என்று உறுதிப்படுத்திய பிறகு, கட்டளைத் திரையை நிர்வாகியாகத் திறந்து ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’ என்ற கட்டளையை ஓட விடுங்கள். அது பழுதான விண்டோஸ் கோப்புகளைத் தேடித் திருத்தும். உங்கள் கோப்புகளைத் தொடாது.

பொய்யான நீலத் திரை

இணையத்தில் உலாவும்போது திரை முழுக்க நீலமாகி, ‘உங்கள் கணினி பூட்டப்பட்டுள்ளது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று சத்தத்தோடு வந்தால் அது மோசடி. உண்மையான நீலத் திரையில் தொலைபேசி எண் ஒருபோதும் வராது, அது பேசாது, காசும் கேட்காது. ‘எஸ்கேப்’ விசையை அழுத்திப் பிடியுங்கள். அல்லது கணினியை அணைத்துப் போடுங்கள். அழைத்தவரைத் தூரத்திலிருந்து உங்கள் கணினிக்குள் வர விட்டால், வங்கி விபரம் மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பத்திரங்களும் அவர் கைக்குப் போகும்.

கடைக்குக் கொடுக்கும்போது

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மூன்றைச் செய்யுங்கள். குறியீடுகளையும் நேரங்களையும் எழுதிய தாளைக் கொடுங்கள். நல்ல திருத்துநருக்கு அது பாதி வேலை. ‘என்னைக் கேளாமல் போமட் அடிக்க வேண்டாம்’ என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள். பழுது வன்தட்டில் இல்லை என்று தெரிந்தால், அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். சாட்சியம் கொடுத்தவர்களின் பெயர்களும் கையெழுத்துகளும் உள்ள பத்திரங்கள் யார் கண்ணில் படுகின்றன என்பது எங்கள் சமூகத்தில் சின்ன விடயம் அல்ல.

தவறுதலாகப் போமட் அடித்துவிட்டால், உடனே கணினியை அணையுங்கள். சுழலும் பழைய வகை வன்தட்டு என்றால், மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத வரைக்கும் மீட்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரு பிரதி பிரதியல்ல

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. இறுதி யுத்தத்தில் பத்திரங்களைச் சொப்பிங் பைக்குள் சுற்றிக் கொண்டு ஓடியவர்களுக்கும், அதையும் வழியில் விட்டவர்களுக்கும், ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வன்தட்டும் ஒரே இடம்தான். அது நெருப்பும் குண்டும் இல்லாமலே ஒரு நாள் நின்றுவிடும்.

மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று கணினியில். இன்னொன்று, பிரதி எடுக்கும் நேரம் தவிர எப்போதும் கழற்றி வைத்திருக்கும் வெளி வன்தட்டில். மூன்றாவது வேறு ஊரில்: கனடாவிலோ பாரிஸிலோ இருக்கும் சகோதரத்திடம், அல்லது கடவுச்சொல்லால் பூட்டிய இணையச் சேமிப்பில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதிகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை நம்ப முடியாது. யூஎஸ்பி பென்னை நிரந்தரச் சேமிப்பாக நினைக்க வேண்டாம். விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினி வைத்திருப்போர் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

இன்று உங்கள் கணினி நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் பிரதி எடுப்பதற்கு இதைவிட நல்ல நாள் இல்லை. நீலத் திரை வரும் அன்று நீங்கள் பழுதை மட்டும் தேடினால் போதும்.